பாம்பு கடித்தும் சாகாதவள்

சென்டாங் சினிமாவில் செத்துப் பிழைப்பவள். மணிலாவில் அவளைத் தெரிந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அமெரிக்காக்காரர்கள் வந்து அவசர அவசரமாக எடுத்துவிட்டுப் போகும் படங்களில் கதை ஒன்றுதான். சிறையிலிருந்து தப்பிய ஒரு கூட்டம் தீவில் வந்து மாட்டிக்கொள்ளும். காவலர்கள் துரத்துவார்கள். கடைசியில் ஒரு வெள்ளைக்காரனும் ஒரு வெள்ளைக்காரியும் மட்டும் படகேறிப் போவார்கள். மற்றவர்கள் வழியிலேயே ஒவ்வொருவராகப் போய்ச் சேர வேண்டும்.

பெரும்பாலும் சென்டாங்தான் முதலில் போய்ச் சேருவாள். புதைமணலில் அமிழ்ந்திருக்கிறாள். தொங்குபாலத்திலிருந்து விழுந்திருக்கிறாள். ஒருமுறை முதலை இழுத்துக்கொண்டு போனது. அது ரப்பர் முதலை. தண்ணீருக்குள் அதன் வாலைப் பிடித்துத் தள்ளியவன் பிட்யோங். எல்லாப் படத்திலும் காவலனாக வருகிறவன் அவன்.

இதிலெல்லாம் அவளுக்கு வருத்தம் இருந்ததில்லை. சீக்கிரம் செத்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். வீட்டில் புருஷன் இஸ்கோ இருப்பான், "இந்தத் தடவை எதுல போனே?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே சோற்றைப் போடுவான்.

இந்த ஆண்டு இஸ்கோ இல்லை. ஜனவரியில் நெஞ்சுவலி என்று சொன்னவன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துபோனான். அதற்குப் பிறகு அவள் ஒப்புக்கொண்ட முதல் படம் இது. பொலில்லோ தீவுக்கு அப்பால், மீன்பிடிப்பவர்கள் வலை காயப்போட மட்டும் ஒதுங்கும் ஒரு சின்னத் தீவில் படப்பிடிப்பு. வந்த நாள் முதல் மழை. கூடாரத் துணியில் பூசணம் பிடித்துவிட்டது. காலையில் ஈரமான ரொட்டி, மதியம் சோறும் கருவாடும், ராத்திரியும் சோறும் கருவாடும். ராணுவச் சட்டம் வந்ததிலிருந்து அசல் துப்பாக்கி கொண்டுவர அனுமதி கிடைப்பதில்லை. காவலர்கள் கறுப்புச் சாயம் அடித்த மரத்துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மழையில் சாயம் கரைந்து அவர்கள் கையெல்லாம் கறுப்பு.

டைரக்டர் கெஸ்லருக்கு வயிறு சரியில்லை. அரைமணிக்கு ஒரு தரம் புதருக்குப் பின்னால் போய்விட்டு, வெளிறிய முகத்தோடு வந்து குடைக்குக் கீழே உட்காருவார். படம் எப்படியாவது முடிந்தால் போதும் என்ற நிலைக்கு அவர் வந்து வெகுநாளாயிற்று.

சென்டாங் பாம்பு கடித்துச் சாக வேண்டிய நாளும் வந்தது. பாம்புக்காக ஒரு மலைப்பாம்பைப் பிடித்து வந்திருந்தார்கள். அதன் வாயை நூலால் கட்டி அவள் கழுத்தில் போட்டார்கள். எதையோ விழுங்கிவிட்டு வந்ததோ என்னவோ, ஈரத் துணி மாதிரி அசையாமல் கிடந்தது.

"மலைப்பாம்பு கடிச்சு விஷமேறிச் சாகற ஒரே பொம்பளை இந்த உலகத்துல நீதான்," என்றான் பிட்யோங்.

"பேசாம இருடா. அது தூங்குது."

கேமரா ஓடியது. அவள் அலறினாள், சேற்றில் விழுந்தாள், கைகால்களை உதைத்தாள். அதுவரை சரி. உதவி டைரக்டர் நார்சிங் பக்கத்திலிருந்து மெதுவாகச் சொன்னான்: "இப்ப மூச்சை அடக்கிக்கோ அக்கா. கண்ணை மூடு. அப்படியே கிட."

கண்ணை மூடினாள். மூடிய வேகத்தில் திறந்துகொண்டது.

"மறுபடியும்," என்றார் கெஸ்லர்.

மறுபடியும் சேற்றில் விழுந்தாள். மறுபடியும் கண் திறந்துகொண்டது. அவள் திறக்கவில்லை, அதுவாகத் திறந்தது. அடுத்த முறை கண் மூடியிருந்தது, ஆனால் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. கெஸ்லர் குடையைக் கீழே போட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தார். மிச்சமிருந்ததே கொஞ்சம் பிலிம்.

"என்ன சென்டாங், சாகறது உனக்குத் தூக்கத்துலகூட வருமே!" என்றான் பிட்யோங்.

அவள் பாம்பைக் கழுத்திலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். "என்னால முடியலை," என்றாள்.

நார்சிங் அவளைத் தாழை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். சிகரெட் கொடுத்தான். நனைந்திருந்த தீக்குச்சி பற்றவில்லை.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை தம்பி. ஆஸ்பத்திரில இஸ்கோ மூஞ்சியை மூடியிருந்த துணியைத் தூக்கிக் காட்டினாங்க. வாய் லேசாத் திறந்திருந்துது. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? சே, சரியாப் பண்ணலையே இந்த ஆளு, வாயை மூடிக்க வேணாமான்னு நெனச்சேன். ஒரு நிமிஷம் நெசமாவே அப்படித் தோணிச்சு."

நார்சிங் இன்னொரு தீக்குச்சியை உரசினான். அதுவும் பற்றவில்லை.

"இப்ப கண்ணை மூடினா நான் அந்தத் துணிக்குக் கீழ போயிடறேன். திட்டினா திட்டட்டும். என்னை ஊருக்கு அனுப்பிடச் சொல்லு."

ஊருக்கு அனுப்பவும் வழியில்லை. கடல் கொந்தளிப்பால் படகு வந்து நாளாகியிருந்தது. நார்சிங் போய் கெஸ்லரிடம் என்ன சொன்னானோ, அவர் கொஞ்ச நேரம் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, விஷமில்லாத பாம்புன்னு வச்சுக்கோ. பிழைச்சுப் போகட்டும்," என்றார்.

சென்டாங் பிழைத்தாள். ஆனால் அதற்கப்புறம் அவளுக்குக் கதையில் வேலையே இல்லை. திரைக்கதையில் அவள் பெயர் அந்தப் பக்கத்தோடு சரி. வசனம் கிடையாது. கதாநாயகன் ராயும் கதாநாயகி வெண்டியும் காட்டுக்குள் நடந்தால் அவளும் பின்னால் நடந்தாள். ஆற்றில் இறங்கினால் இறங்கினாள். அவர்கள் கட்டிப்பிடித்து முத்தமிட்டபோது எங்கே பார்ப்பதென்று தெரியாமல் விறகு பொறுக்கினாள். நாள் முழுக்க நடை. செருப்பு வார் அறுந்து வெறுங்காலோடு நடந்தாள். செத்துப்போவது எவ்வளவு சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது.

வெண்டிக்கு இருபது வயதுக்கு மேல் இராது. கொசுக்கடியில் முகம் வீங்கி, சாயங்காலமானால் காய்ச்சல் வந்துவிடும். ஒருநாள் பாறைமேல் உட்கார்ந்து குதிகால் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், சென்டாங் இங்கிலீஷில் காலைக் காட்டச் சொல்லித் தேங்காயெண்ணெய் தடவிவிட்டதும் திகைத்துப்போய், "உனக்கு இங்கிலீஷ் வருமா?" என்று கேட்டாள்.

"படத்துலதான் வராது. வெளியில நல்லாவே வரும்."

வெண்டி சிரித்தாள். "நாம எப்போ இங்கேர்ந்து கிளம்புவோம்?"

"பிலிம் தீர்ந்தா கிளம்புவோம்."

கடைசிக் காட்சிக்கென்று எடுத்து வைத்திருந்த ஒரே சுருளை மாட்டிய அன்று வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. இருபுறமும் மூங்கில் கட்டிய ஒரு மோட்டார் படகு. அதை ஓட்டுகிற ஆம்போ கேமராவில் தெரியக் கூடாதென்பதால் படகுக்குள் பாயைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். ராயும் வெண்டியும் ஓடிவந்து ஏற வேண்டும். படகு கிளம்ப வேண்டும். காவலர்கள் வந்து ஏமாந்து நிற்க வேண்டும்.

"அவ?" என்று நார்சிங் சென்டாங்கைக் காட்டினான்.

கெஸ்லர் அவளை மறந்தே போயிருந்தார். "அவ கரையில நின்னு கையாட்டட்டும்."

"நான் ஏன் சார் போகலை?" என்றாள் சென்டாங்.

"நீ இந்த ஊர்க்காரிதானே."

"நானும் அவங்களோட ஜெயில்லேர்ந்துதானே ஓடி வந்தேன்?"

கெஸ்லர் திரைக்கதையைப் புரட்டப் போனார். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. "படகுல இடமில்லை. சிரிச்சிக்கிட்டே கையாட்டு, போதும்."

அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. சரியென்று போய் நின்றாள்.

கேமரா ஓடியது. ராயும் வெண்டியும் ஓடி ஏறினார்கள். மோட்டார் இருமிக்கொண்டு கிளம்பியது. சென்டாங் சிரித்தபடி கையை ஆட்டினாள். பின்னால் காட்டுக்குள்ளிருந்து பிட்யோங்கும் மற்றவர்களும் மரத்துப்பாக்கிகளோடு கூச்சலிட்டு வரும் சத்தம் கேட்டது. இவன்கள் வந்தால் முதலில் என்னையல்லவா சுடுவான்கள் என்று நினைத்தாள். இதற்கா இத்தனை நாள் இவர்கள் பின்னால் நடந்தேன்? போகிறவர்களுக்குச் சிரித்துக் கையாட்டிவிட்டு இங்கே நின்று குண்டடி படவா?

யோசித்து எடுத்த முடிவென்று சொல்ல முடியாது. கால் தண்ணீரில் இறங்கிவிட்டது. முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் ஏறியது.

சத்தமெல்லாம் பிறகு மணிலாவில்தான் சேர்ப்பார்கள் என்பதால் பிட்யோங் தாராளமாகக் கத்தினான்: "ஏய் சென்டாங்! எங்கடி போறே? உன்னைச் சுடணுமா வேணாமா? யாராவது சொல்லுங்கப்பா!"

படகின் மூங்கிலை எட்டிப் பிடித்தாள். ராய் கெட்ட வார்த்தை சொன்னான். வெண்டி இரண்டு கையாலும் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். படகு ஒருபக்கம் சாய்ந்தது. சென்டாங் குப்புற விழுந்தாள், ஆம்போவின் வயிற்றின்மேல்.

"அம்மா!" என்று முனகினார் ஆம்போ. "யாரு இது? நிறுத்தவா?"

"நிறுத்தாதீங்க அண்ணே. ஓட்டுங்க."

பாறைத்திட்டு தாண்டியதும் கரை மறைந்துபோயிற்று. அலைச்சத்தத்தில் யார் கூப்பிட்டாலும் கேட்காது. ஆம்போ பாயை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். மழைக்குப் பிறகு கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ராய்கூடக் கோபம் தணிந்து, கையைத் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்திருந்தான்.

"திருப்பட்டுமா?" என்று ஆம்போ கேட்டார்.

"இன்னும் கொஞ்ச தூரம் போங்க அண்ணே," என்றாள் சென்டாங். வெண்டி அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். சென்டாங்கும் கண்ணை மூடிக்கொண்டாள். பெட்ரோல் குறைகிறது என்று சொல்லி ஆம்போ படகைத் திருப்பும்வரை திறக்கவில்லை.

கரையில் கெஸ்லர் காலியான பிலிம் டப்பாவின்மேல் உட்கார்ந்திருந்தார். கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஏன் அப்படிப் பண்ணினே?" என்றார்.

"தெரியலை சார். ரொம்பக் களைப்பா இருந்துது."

"எனக்கும்தான்," என்றார் கெஸ்லர். "மூணு பேர் தப்பிச்சாங்கன்னு வச்சுக்க வேண்டியதுதான். திரும்ப எடுக்கப் பிலிம் இல்லை." பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு புதர்ப் பக்கம் போனார்.

மறுநாள் கடல் அடங்கியது. படகில் இன்ஃபாந்தா துறைக்கு வந்து, அங்கிருந்து மணிலா பஸ்ஸில் வழி நெடுகத் தூங்கினாள். மணிலாவின் சம்பாலோக் பகுதியில் இருந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது இஸ்கோவின் தங்கை புரிங் திறந்தாள். அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, புளி கரைத்த மீன்குழம்பைச் சூடாக்கிச் சோற்றில் ஊற்றினாள். சென்டாங் பாதித் தட்டு காலியானபிறகுதான் நிமிர்ந்தாள்.

"என்ன அண்ணி, இந்தத் தடவை எதுல செத்தே?"

"சாகலை. படகேறிப் போயிட்டேன்."

"நீ சாகாத படத்தை யார் பார்ப்பா?" என்றாள் புரிங்.

"யாரும் பார்க்க வேணாம். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து."

புரிங் ஊற்றினாள். வெளியே மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது.