யார் வயல்ல எழும்புச்சு மாளிகை

அம்மாக்கண்ணு நாடகம் பாக்கப் போறதாவே இல்ல. "எங்க கொல்லைய முழுங்குனவன் போடுற நாடகத்த நான் வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்கணுமாக்கும்"னு அடுப்படியில பாத்திரத்தப் போட்டு உருட்டிக்கிட்டிருந்தா. அவ புருஷன் வெள்ளைச்சாமி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டே, "நாடகம் உனக்கு என்னடி பாவம் பண்ணுச்சு, அதும்மேல ஏன் பாயிற?"ன்னான். அந்த மனுஷனுக்கு நாடகம்னா உசிரு. அதுலயும் இன்னிக்கு மாரியம்மன் கோயில் திடல்ல நடக்கப்போறது 'பவளமாளிகைப் பூதம்'. பெரம்பலூர் நாடகச் செட்டு. எளவட்டமா இருந்தப்பலேர்ந்து அந்த நாடகத்த சுத்துப்பட்டுல எந்த ஊர்ல போட்டாலும் சைக்கிள மிதிச்சுக்கிட்டுப் போயிப் பாத்தவன். பாட்டு மொத்தமும் மனப்பாடம்.

அவளும் அவன்கூடப் போயிப் பல தடவ பாத்தவதான். பாத்துட்டுத் திரும்புற வழியெல்லாம் கேள்வி கேட்டே அவன் உசிர வாங்குவா. கதை இதுதான். வெறகு வெட்டுற ஒருத்தனுக்குச் செப்புக் குடத்துலேர்ந்து ஒரு பூதம் கெடைக்குது. அவனுக்கு ராசா மக மேல ஆசை. பொழுது விடியறதுக்குள்ள ஒரு பவள மாளிகை கட்டிக் காட்டு, பொண்ணத் தரேங்கிறாரு ராசா. பூதம் கட்டிக் குடுத்துருது. கல்யாணம், பாட்டு, மங்களம்.

"ஏங்க, மலையத் தூக்குற பூதத்தக் கையில வச்சுக்கிட்டு அவன் ஏன் ராசா ஊருக்கு நடந்தே போறான்? தண்ணி தவிக்குதுன்னு வழியில ரெண்டு பாட்டு வேற. குடத்தத் தட்டி ஒரு சொம்பு தண்ணி கேக்கத் தெரியாதா அவனுக்கு?"ம்பா. "மொதக் காட்சியில இருமிக்கிட்டுக் கெடந்தாளே அவன் ஆத்தா, அவ என்ன ஆனா? அவளுக்கு மருந்து வாங்கத்தானே காட்டுக்கே போனான்? கல்யாணத்துக்குக்கூட அவளக் காணுமே?" "நாடகத்த நாடகமாப் பாருடி"ன்னு வெள்ளைச்சாமி எரிஞ்சு விழுவான். சைக்கிள் கேரியர்ல உக்காந்துக்கிட்டு அவ விழுந்து விழுந்து சிரிப்பா. அதெல்லாம் ஒரு காலம்.

இப்ப சிரிக்கிற நெலமையா இருக்கு? விடிஞ்சா சமுதாயக் கூடத்துல கையெழுத்து. சிமெண்டு ஃபேக்டரிக்காரன் சுண்ணாம்புக்கல்லு தோண்டணும்னு மொத தடவ வந்தப்ப இவங்க மக்காச்சோளக் கொல்லை மொத்தமும் போச்சு. பாதி பள்ளமாச்சு. பாதியில ஆபீசும் கெஸ்ட் ஹவுசும் எழும்புச்சு. வூட்டுக்கு ஒருத்தருக்கு நெரந்தர வேலைன்னு மைக்குல சொன்னாங்க. அம்மாக்கண்ணுக்குக் கெடைச்சது காண்ட்ராக்ட்ல அந்தக் கெஸ்ட் ஹவுசக் கூட்டுற வேலை. அவ கருது ஒடிச்ச எடத்துல இப்ப புல்லு வளக்குறானுவ. அந்தப் புல்லு மேல நடக்கக் கூடாதுன்னு அவளுக்கே போர்டு.

மிச்சம் இருக்குறது கெணத்தோட சேந்த ஒரு துண்டு நெலம். பட்டா வெள்ளைச்சாமி பேருல. நாளைக்கு அதையும் எழுதிக் குடுக்கப்போறான். திருப்பூர் பனியன் கம்பெனியில கெடந்து அல்லாடுற மகன் திருமுருகனுக்கு நெரந்தர வேலை தரேன்னு ஃபேக்டரியோட நில ஆபீசர் கலைச்செல்வன் வாக்கு குடுத்துட்டாராம். "அன்னிக்கும் இதத்தானேய்யா சொன்னானுவ"ன்னு அம்மாக்கண்ணு தொண்ட கிழியக் கத்திப் பாத்துட்டா. "அன்னிக்கு வந்தவன் வேற ஆளுடி. இந்த சார் நல்ல மனுஷன். தோள்ல கைபோட்டுல்ல பேசுறாரு"ன்னுட்டான். தோள்ல கையப் போட்டா நெலத்தத் தூக்கிக் குடுத்துருவியா? பத்திக்கிட்டு எரிஞ்சுது அவளுக்கு.

கடைசியில அவளும் கெளம்பித்தான் போனா. வூட்டுல ஒத்தையாக் குந்தியிருந்தா அந்தக் கெணத்து நெனப்பே வந்து கொன்னுப்புடும்.

பத்து மணிக்கு மேல மைக்கு ஓடக் கூடாதுன்னு போலீஸ்ல சொல்லிட்டதால பொழுது சாஞ்சதுமே ஆரம்பிச்சுட்டாங்க. ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம், நடுவுல கயிறு. முன்னால சேர்ல சால்வையப் போத்திக்கிட்டு கலைச்செல்வன் உக்காந்திருந்தாரு. நாடகச் செலவு பூராவும் கம்பெனிதுன்னு மூணு தடவ அறிவிச்சாச்சு. வெள்ளைச்சாமி அவரு சேருக்குப் பின்னாலயே எடம் புடிச்சுட்டான்.

மொதல்ல மூணு பொண்ணுங்க வந்து வயல்ல நாத்து நட்டாங்க. "நாத்து நட்டுக் கையும் நோவ அடி பொன்னி, நம்ம வயல் பச்சையாவ"ன்னு ஒருத்தி எடுத்தா, "அடி செல்லி"ன்னு இன்னொருத்தி வாங்குனா, "அடி காத்தாயி"ன்னு மூணாவது முடிச்சா. ஆர்மோனியக்காரன் உருகி உருகி வாசிச்சான். வெள்ளைச்சாமி வாய் அசையிறது அம்மாக்கண்ணு குந்தியிருந்த எடத்துலேர்ந்தே தெரிஞ்சுது. அப்புறம் பூதம் வந்துச்சு. "எசமான், மாளிகைய எங்க எழுப்பட்டும்?"னு கேட்டுச்சு. வெறகுவெட்டி கையக் காட்டுனான். "அதோ, ஏரிக்கு அந்தாண்ட பச்சைப் பசேல்னு தெரியுதே, அந்த வயல்ல!" பட்டாசு ஒண்ணு வெடிச்சுச்சு, படுதா மாறுச்சு, பவள மாளிகை வந்துருச்சு. திடலே கைதட்டுச்சு.

மாளிகைக்குள்ள ராசாத்தி ஊஞ்சல்ல உக்காந்திருக்கா. மூணு தோழிங்க விசிறிக்கிட்டு நிக்கிறாங்க. நாத்து நட்ட அதே மூணு பொண்ணுங்க. செட்டுல ஆளு கம்மி, அவங்களேதான் சேலைய மாத்திக்கிட்டு வந்து நிப்பாங்க. அம்மாக்கண்ணுக்குத் தெரியாத விஷயமா அது? ஆனா இன்னிக்கு அதப் பாத்ததும் தன் பொழப்பே மேடையேறி நிக்கிற மாதிரி இருந்துச்சு அவளுக்கு. "அடிப்பாவிங்களா"ன்னு வாய்விட்டே சொல்லிட்டா.

அந்த நேரம் பாத்து பபூன் கருப்பண்ணன் குதிச்சுக்கிட்டு வந்தான். நாடகத்துல பபூனுக்கு மட்டும் தனிச் சலுகை. கதைய நிறுத்திட்டு சனங்களோட பேசலாம், ராசாவையே நக்கல் பண்ணலாம், ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது. அவன் கண்ணுக்கு அம்மாக்கண்ணு மொகம்தான் பட்டுது. "என்னக்கா, ஊரே சிரிக்குது, நீ மட்டும் உர்ருன்னு குந்தியிருக்கியே? மாப்ள புடிக்கலையா? பூதத்தக் கட்டிக்கிறியா?"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. அம்மாக்கண்ணு எந்திரிச்சா.

"மாப்ளையெல்லாம் இருக்கட்டும். நீங்க மாளிகை கட்டுன வயலு யாரு வயலு?"

இந்தக் கேள்விய கருப்பண்ணன எந்த ஊர்லயும் யாரும் கேட்டதில்ல போல. ஆனா பபூனாச்சே, விடுவானா? அவ கேட்டத மைக்குல ஊருக்கே சொல்லிட்டு பூதத்துக்கிட்டத் திரும்புனான். "ஏன்டா தடியா, யாரக் கேட்டுடா கட்டுன? யார் வயலுடா அது?"

"உக்காருடி! மானத்த வாங்காத!"ன்னு ஆம்பளைங்க பக்கத்துலேர்ந்து வெள்ளைச்சாமி கத்துனான். அவ காதுலயே வாங்கல.

பூதம் கன்னத்துல கருப்பு மை வழிய நின்னு யோசிச்சுது. "அது வந்து... அது பொறம்போக்குப்பா"ன்னுச்சு. திடல் கொல்லுனு சிரிச்சுது.

"பொறம்போக்குல எவ வந்து நாத்து நட்டா?"ன்னா அம்மாக்கண்ணு. "நம்ம வயலு, நம்ம வயலுன்னுல்ல பாடுனாங்க மூணு பேரும்? கை நோவ நட்டவங்க காலையில வந்து பாத்தா வயலு இல்ல, மாளிகை நிக்கிது. அப்ப என்ன செஞ்சாங்க? அழுதாங்களா? ராசாகிட்டப் போனாங்களா? அத ஏன் ஒரு பாட்டுலயும் சொல்ல மாட்டேங்குறீங்க?"

இப்ப சிரிப்பு கொறஞ்சு போச்சு. பொம்பளைங்க பக்கம் "கேளுக்கா, நல்லாக் கேளு"ன்னு ஒரு கொரலு வந்துச்சு. நாடகம் தடம் மாறுறது கலைச்செல்வனுக்குப் புரிஞ்சுருச்சு. சால்வைய சரி பண்ணிக்கிட்டு மேடையேறுனாரு. மைக்கப் பாத்தா வுடமாட்டாரு அந்த மனுஷன். கருப்பண்ணன் கையிலேர்ந்து பதமா வாங்கிக்கிட்டாரு.

"அம்மா நல்ல கேள்வி கேட்டாங்க. அதுக்கு நான் பதில் சொல்றேன். அந்த மூணு பேரும் எங்கயும் போகல. இதோ நிக்கிறாங்க பாருங்க!" விசிறியோட நின்ன மூணு பொண்ணுங்களையும் காட்டுனாரு. "மாளிகையிலயே வேலை குடுத்துட்டாங்க. வெயில்லயும் சேத்துலயும் கெடந்தவங்களுக்கு இன்னிக்குப் பட்டுச் சேலை, நெழலு, மாசாமாசம் சம்பளம். வளர்ச்சின்னா இதுதான். நாளைக்கு நம்ம ஊருக்கும் இதுதான் நடக்கப்போவுது!"

ஆம்பளைங்க பக்கம் கைதட்டு பிச்சுக்கிட்டுப் போச்சு. வெள்ளைச்சாமியும் தட்டுனான், வேணும்னே பொண்டாட்டியப் பாத்துக்கிட்டே தட்டுனான். பொம்பளைங்க பக்கம் ஒரு கை அசையல. அவங்கள்ல பாதிப் பேரு காலையில எந்திரிச்சு அந்த ஃபேக்டரியத்தான் கூட்டப் போவணும்.

அம்மாக்கண்ணுக்குக் கோவம் தலைக்கேறுச்சு. இந்தாளு சொன்னது பொய்யா இருந்தா ரெண்டு திட்டுத் திட்டிட்டு உக்காந்துருப்பா. பொய்யில்லையே, அதான் அவளுக்குத் தாங்கல.

"சரிங்க சார். வேலை குடுத்தாங்க, ஒத்துக்குறேன். வயல்ல நட்டப்ப பொன்னி, செல்லி, காத்தாயின்னு மூணு பேருக்கும் பேரு இருந்துச்சு. மாளிகைக்கு வந்ததும் அடி தோழி, ஏ தோழின்னுதானே கூப்புடுறா அந்த ராசாத்தி? அவங்க பேரெல்லாம் எங்க சார் போச்சு?"

கலைச்செல்வன் சிரிச்சாரு. "நாடகத்துல போயி இதெல்லாம் பாக்கலாமாம்மா?"

"நாடகத்த வுடுங்க. நீங்க இந்த ஊருக்கு வந்த நாள்லேர்ந்து கெஸ்ட் ஹவுஸ்ல உங்க ரூமக் கூட்டுறது நான். காலையில சக்கர இல்லாம டீ, சாயங்காலம் இஞ்சி தட்டிப் போட்டு டீ. உங்க புள்ளைக்கு அம்மை போட்டுச்சுன்னு சொன்னீங்க, கொத்து வேப்பில ஒடிச்சுக் காருல வச்சு வுட்டேன். எம்பேரு என்ன சார்?"

ஆர்மோனியக்காரன் கையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டான்.

"உங்களத் தெரியாதாம்மா எனக்கு? நீங்க நம்ம..."ன்னு ஆரம்பிச்சாரு கலைச்செல்வன். அப்படியே நின்னுட்டாரு. மைக்கக் கையால பொத்திக்கிட்டு மேடை ஓரமாக் குனிஞ்சு, "அந்தம்மா பேரு என்னய்யா?"ன்னு கேட்டாரு. சரியாப் பொத்தல. நாலு மூலையிலயும் கட்டியிருந்த குழா ஸ்பீக்கர்ல அது கணீர்னு கேட்டுச்சு.

முன்வரிசையில ஒருத்தன் நல்ல புள்ளையாட்டம், "அம்மாக்..."னு வாயெடுத்தான்.

"எவனாச்சும் சொன்னீங்க, மரியாத கெட்டுரும்!"

வெள்ளைச்சாமி எந்திரிச்சு நின்னான். தோள்துண்டு கீழ விழுந்தது தெரியல அவனுக்கு. "ஒருத்தரும் சொல்லக் கூடாது. அந்தாளே சொல்லட்டும். வந்த நாள்லேர்ந்து எம்பொண்டாட்டி கையால டீ குடிக்கிறாரு, பேரு தெரியலியாம்! இவரா எம்மவன் பேர ஞாபகம் வச்சிருந்து கூப்புட்டு வேலை குடுக்கப்போறாரு? கையெழுத்தும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது!"

சொல்லிட்டு நடுவுல கட்டியிருந்த கயித்தத் தூக்கி நொழஞ்சு பொம்பளைங்க பக்கம் வந்து அவளுக்குப் பக்கத்துல நின்னான். அம்மாக்கண்ணு அவன ஏற எறங்கப் பாத்தா. புருஷன் மேல இருந்த கோவமும் அவளுக்கு இன்னும் ஆறல. "இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதாக்கும்"னா.

மேடையில கலைச்செல்வன் வேர்வையத் தொடச்சுக்கிட்டு, "உக்காருங்கம்மா, நாடகம் நடக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்"னாரு.

அவ உக்காரல.

"சொல்லுங்க சார்"ன்னா.