மூன்றாம் முடிச்சு

என்னை என் புருஷனுக்கே அக்கா ஆக்கியவர் ஒரு சினிமா டைரக்டர். ராசிபுரத்து நாடகக் கம்பெனியில் இருந்தவரை என் புருஷன் சின்னராஜ்தான் ராஜா, நான்தான் ராணி. எங்கள் கல்யாணமும் கம்பெனியிலேயே நடந்தது. சண்டை போட்டுவிட்டு மேடை ஏறினாலும் கடைசி வரிசைக்காரனுக்கு முகமா தெரியப்போகிறது? குரல் கேட்டால் போதும். சேலத்தில் ஏற்காடு ரோட்டு ஸ்டுடியோவுக்கு வந்த பிறகுதான் வினை பிடித்தது. கேமரா பக்கத்தில் வந்து முகத்தைப் பார்த்தது.

"காதல் சீன்ல அண்ணன் தங்கச்சி மாதிரி நிக்கறீங்களே, கந்தம்மா!" என்றார் டைரக்டர். மதராஸ்காரர், மனசில் பட்டதைச் சொல்லிவிடுவார். மறுநாளே பாவாயியைக் கதாநாயகி ஆக்கினார். எனக்குக் கதாநாயகனின் அக்கா வேஷம். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான்.

பாவாயி கெங்கவல்லிக்காரி, என்னைவிட இளையவள். நல்ல பெண் என்று எல்லாரும் சொன்னார்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவள் எதிரில் நின்றால் என் புருஷனுக்கு வசனம் மறக்காது, வெயில் உறைக்காது. "பிரமாதம்!" என்று டைரக்டர் கத்தும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

அஸ்தம்பட்டியில் நாங்கள் குடியிருந்த வீட்டில், சோறு போடும்போது ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க, அவகூட நிக்கறப்ப மட்டும் மொகத்துல வெளக்கு எரியுதே, அது என்ன எண்ணெயிங்க?"

"நடிப்பு புள்ள. உனக்குத் தெரியாததா?" என்றார்.

எனக்குத் தெரியும். அவருடைய நடிப்பு அவ்வளவு நன்றாக இருக்காது என்பதும் தெரியும்.

அப்புறம் கல்யாண சீன் வந்தது. எங்கள் நாடகக் கம்பெனியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேடைக் கல்யாணத்தில் மாப்பிள்ளை இரண்டு முடிச்சோடு நிறுத்திவிடுவான். மூன்றாவதை நாத்தனார் வேஷக்காரி போடுவதுபோல விரலை மட்டும் ஆட்டுவாள். மூன்றும் விழுந்தால் அது நிஜத் தாலி ஆகிவிடும் என்று எங்களுக்குப் பயம். சினிமாவுக்கு வந்தும் அந்தப் பயம் போகவில்லை. இந்தப் படத்தில் நாத்தனார் நான். என் புருஷன் இன்னொருத்தி கழுத்தில் கட்டுகிற மஞ்சள் கயிற்றை, பின்னால் நின்று நானே வாங்கிப் பிடிக்க வேண்டும்.

கேமரா ஓடியது, மேளம் கொட்டியது. அவர் குனிந்து கட்டினார். முகமெல்லாம் பூரிப்பு. நான் பாவாயியின் பின்னலை ஒதுக்கிக் கயிற்றைத் தொட்டேன். மூன்று முடிச்சும் விழுந்திருந்தது. எனக்கு வேலையே வைக்காமல் அவரே இறுக்கிப் போட்டிருந்தார். கேமரா முன்பக்கம் இருந்ததால் அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

கல்யாண மணையைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். ஆனால் அது யுத்த காலம், ஃபிலிம் குதிரைக்கொம்பு. சிரித்துக்கொண்டே இல்லாத முடிச்சைப் போட்டேன்.

"கட்! அற்புதம்!" என்ற டைரக்டர் அடுத்த நிமிஷமே தலையில் கை வைத்தார். காக்கை கத்தியது மைக்கில் விழுந்துவிட்டது என்று சவுண்டுக்காரர் வந்து சொன்னார். மறுபடியும் எடுக்க வேண்டும்.

"கந்தம்மா, தாலியை அவுத்து விடும்மா."

பாவாயி சட்டென்று கழுத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"கட்டுனவரே அவுக்கட்டுமுங்க," என்றேன், எல்லார் காதிலும் விழும்படி.

சின்னராஜ் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவள் பின்னால் போய் நின்று அவிழ்க்க ஆரம்பித்தார். இறுக்கிப் போட்ட மூன்றாவது முடிச்சு அவிழ நேரம் பிடித்தது. பாவாயியின் மடியில் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் விழுந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுபடி மேளம் கொட்டியது. இந்தத் தடவை இரண்டு முடிச்சோடு நிறுத்தி, நுனியை என்னிடம் கொடுத்தார். விரலை மட்டும் ஆட்டினேன்.

"கட்! என்னய்யா சின்னராஜ், எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி? முன்னே இருந்த மூஞ்சி எங்கே போச்சு?"

அவர் மாலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் ஜெயித்துவிட்டேன். என் புருஷன் திரும்பி வந்துவிட்டார், இந்த முகத்தோடு. டைரக்டருக்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமே.

"இனிமே இந்த மூஞ்சிதானுங்க," என்றேன்.