வண்டுக் காரின் முன் சீட்டு

மழைக்காலம் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, தெமிசெவ் வண்டின் முதுகுபோல் கூரை வளைந்த ஒரு பழைய வண்டுக் காரை ஓட்டிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். அடிஸ் அபாபாவில் முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கார் அவரைவிடப் பத்து வயதுதான் இளையது. வெளிறிய நீல நிறம். வலப்பக்கக் கதவு வெளியிலிருந்து மட்டுமே திறக்கும்.

அவர் மனைவி வுபாலெம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். ஊரின் பாதிப் பேர் அவளிடம் ஒருமுறையாவது திட்டு வாங்கியிருப்பார்கள்.

"இது என்னங்க, யாரோ வாசல்ல தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாங்களா?"

"நம்மளுதுதான் வுபா. ஏறு, ஒரு சுத்து போய்ட்டு வரலாம்."

"எனக்கு முழங்கால் மட்டும்தான் போச்சு. புத்தி போகல."

இரண்டு வாரம் அவள் ஏறவே இல்லை. தெமிசெவ் தினமும் காலையில் இன்ஜின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். மழை பெய்தால் தரைத்தகட்டில் இருந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறும். காபி டப்பாவின் மூடியை வெட்டி அதை அடைத்தார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த வுபாலெம், ஒருநாள் தன் பழைய போர்வையைக் கொண்டுபோய்ச் சீட்டின் மேல் விரித்துவிட்டு உள்ளே போனாள். அவர் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்டோட்டோ மலைமேல் இருக்கும் மாதா கோவிலுக்குக் கிளம்பினார்கள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தெமிசெவ் வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். "முன்னாடி போறது லாரிதானே? விளக்கு பச்சை விழுந்துடுச்சா?" பேச்சுத் துணைக்குக் கேட்கிறார் என்று நினைத்து அவளும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

யூக்கலிப்டஸ் மரங்கள் தொடங்கும் ஏற்றத்தில், மூட்டை சுமந்த கழுதைகள் சாலையைக் கடந்தன. கார் வேகம் குறையவில்லை.

"கழுதைங்க! கழுதைங்க!" என்று அலறினாள் வுபாலெம்.

பிரேக்கை மிதித்தார். ஒரு முழத் தூரத்தில் வண்டி குலுங்கி நின்று அணைந்தது. கழுதைக்காரன் கையை ஆட்டித் திட்டிவிட்டுப் போனான்.

"பார்த்தேன், பார்த்தேன்," என்றார் தெமிசெவ்.

"பார்த்தீங்களா? மூட்டை என்ன கலர்?"

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு கண்ணுலயும் புகை மாதிரி இருக்கு. ஒரு வருஷமாச்சு. பஸ் ஓட்டப் பயந்து கடைசி மாசங்கள்ல நானே டிப்போ வேலை கேட்டு வாங்கிக்கிட்டேன்."

"அப்புறம் எதுக்கு இந்தக் கார வாங்கினீங்க?"

"ஊரையே ஏத்திக்கிட்டுப் போனேன். உன்னை மட்டும் ஒருநாள்கூடப் பக்கத்துல உட்கார வெச்சு ஓட்டினதில்ல. பார்வை முழுசாப் போறதுக்குள்ள..."

வுபாலெமுக்கு அவரை உலுக்கவேண்டும்போலவும் கட்டிக்கொள்ளவேண்டும்போலவும் இருந்தது. "பொல்லாத மனுஷன். என்கிட்ட மறைச்சீங்களே," என்று அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

அணைந்த வண்டி மறுபடி கிளம்பவில்லை. காரை ஓரம் கட்ட வேண்டும். முழங்கால் வலியோடு அவளால் தள்ள முடியாது. அதனால் இடம் மாறினார்கள். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து அவரோடு சேர்ந்து தள்ளினார்கள்.

"வலப்பக்கம் திருப்பு! இன்னும், இன்னும்! அவ்வளவுதான்!" என்று பின்னாலிருந்து கத்தினார் தெமிசெவ்.

கார் அவள் கைகளுக்குக் கட்டுப்பட்டு மெல்லத் திரும்பி ஓரத்தில் நின்றது. ஐம்பத்தாறு வயதில் வுபாலெம் சிரித்த சிரிப்பைப் பார்த்து டீக்கடைக்காரர்களும் சிரித்தார்கள். அன்று அவருக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்து வண்டியை வீட்டில் கொண்டுவந்து விட்டார். மறுநாளே அவள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பெயர் கொடுத்தாள்.

முதல் தேர்வில் தோற்றாள். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னபோது வண்டி பின்னால் உருண்டது. இரண்டாவது தேர்வில் தேறினாள். மழை முடிந்து, மெஸ்கல் என்னும் சிலுவைப் பண்டிகைக்கு மஞ்சள் பூக்கள் பூத்த வாரத்தில் அவளே காரோட்டி அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள்.

ஒரு கண்ணில் புரை நீக்கிக் கட்டுப் பிரித்த மறுநாள் தெமிசெவ் வாசலுக்கு வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"இவ்வளவு துருவா? இதையா நான் வாங்கினேன்?"

"எனக்கு முதல் நாளே தெரியும்."

அவர் திரும்பி அவளை உற்றுப் பார்த்தார். "உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?"

"நீங்க புகைக்குள்ள இருந்தப்போ. வேணாம்னா காரோட சேர்த்து என்னையும் திருப்பிக் குடுத்துடுங்க."

"வேணாம், வேணாம். ரெண்டும் இருக்கட்டும்," என்றார் அவசரமாக.

இன்னொரு கண்ணும் சரியானதும், இனி ஓட்டலாம் என்றார் டாக்டர். வுபாலெம் சாவியை நீட்டினாள். அவர் வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு அவளிடமே கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை பிஷோஃப்துவில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார்கள். ஊர் எல்லைவரை அவர் கால் தானாகவே பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தது. குறுக்கே புகுந்த மினிபஸ்காரனை அவள் கண்ணாடியை இறக்கி ஒரு பிடி பிடித்தாள். வெயிலேறி, இன்ஜின் ஒரே சீராகப் பாடத் தொடங்கியது. ஏதோ கேட்கத் திரும்பினாள். வாழ்நாளில் வண்டியில் ஒருமுறைகூடக் கண்ணயராத மனிதர், வாய் லேசாகத் திறந்தபடி அவள் தோள்பக்கம் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள்.