பீரங்கி வீட்டுக் குண்டு

எனக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். அண்ணன் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நாங்கள் எதிலும் ஒத்துப்போனதில்லை. பீரங்கி வீட்டு விஷயத்தில் மட்டும் நான் அவள் கட்சி.

மீன்பிடித் துறைமுகத்தின் சுவர் முடிகிற இடத்தில் இருக்கிறது அது. வீடு என்பது ஒரு மரியாதைக்கு. உலக யுத்தத்தில் எதிரி கடல் வழியாக வருவான் என்று பயந்து கட்டிய கான்கிரீட் பெட்டி. முன்னால் கடலைப் பார்த்து நீளமாக ஒரு துப்பாக்கி ஓட்டை, பின்னால் ரோட்டைப் பார்த்து கதவில்லாத வாசல். எதிரி வரவேயில்லை. காவல் இருந்தவர்களும் போய்விட்டார்கள். அண்ணனும் அண்ணியும் அதைக் கூட்டிப் பெருக்கி வலைப் பட்டறை ஆக்கினார்கள். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் அண்ணி அந்த ஓட்டை வெளிச்சத்தில்தான் ஊரார் வலைகளைத் தைத்தாள். அவள் அடுப்பு எரிந்தது அந்த வேலையால்தான்.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். ஆமைகூடத் தேவலை, வாயைத் திறக்காது. எங்களுக்கு வாய்த்தவர் தொல்பொருள் அதிகாரி. ஜீப்பிலிருந்து இறங்கி, பூட்ஸில் மீன் செதில் ஒட்டாமல் நுனிக்காலில் நடந்து வந்து, வாசலில் நின்றபடியே கேட்டார்.

"உள்ள குண்டு ஏதாவது இருக்காம்மா?"

அண்ணி தையலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "இருக்கே. ரெண்டு சாக்கு."

வலையின் அடிக்கயிற்றில் கட்டுகிற ஈயக் குண்டைச் சொன்னாள். எங்களுக்குக் குண்டு என்றால் அதுதான். அது இல்லாவிட்டால் வலை தண்ணீருக்குள் இறங்காது. அதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எ... எப்பலேருந்து?"

"எங்க வீட்டுக்காரர் காலத்துலேருந்து. பயப்படாதீங்க சார், போன வாரம்கூட நாலஞ்சு பேருக்குக் குடுத்தேன்."

அந்த மனுஷனுக்கு அப்படி ஓடத் தெரியும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். சற்று நேரத்தில் போலீஸ், வேன், டிவிக்காரர்கள். படகுகளை வெளியே விடவில்லை. மோப்ப நாய் சாக்கை மோந்துவிட்டு, மீன் வாசனைக்கு வாலை ஆட்டியது. மெத்தையைச் சுற்றிக்கொண்ட மாதிரி உடுப்புப் போட்ட ஒருவர், ஒற்றை ஈயக் குண்டைப் பச்சைப்பிள்ளையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு வந்தார். துறைமுகமே வயிறு வலிக்கச் சிரித்தது. விஷயம் அதோடு முடிந்தது என்று நம்பினோம் பாருங்கள், அதுதான் எங்கள் மடத்தனம்.

அதிகாரி குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ரகம். டிவியில் "போர்க்காலக் குண்டுகள்" என்று சொல்லியாகிவிட்டது. இனி அவை போர்க்காலக் குண்டுகள்தான். அண்ணியை வெளியே அனுப்பி, வாசலுக்குக் கம்பிக்கதவு போட்டார்கள். அண்ணனே ஈயம் உருக்கி வார்த்த குண்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி, மேலே விளக்கும் போட்டார்கள். அவன் உயிரோடு இருந்தபோது அவனை யாரும் இப்படி மதித்ததில்லை.

மியூசியம் திறப்பு விழாவுக்கு மறுநாள் அண்ணி தைத்து முடித்த வலையோடு போனாள். நானும் கூடப் போனேன்.

"என் குண்டக் குடுங்க. வலையில கட்டணும்."

"டிக்கெட் எடுத்துட்டுப் பாருங்கக்கா," என்றான் காவலாளி. "தொடக் கூடாது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கெட்ட வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினாள். கம்பிக்கதவு வழியாக அந்தத் துப்பாக்கி ஓட்டையையும் அதற்கு அப்பால் தெரிந்த கடலையும் பார்த்தாள்.

"வெவரம் கெட்டவங்க கட்டுனதுடி இது," என்றாள். "ஓட்டையக் கடலப் பாத்து வெச்சுட்டாங்க. எதிரி ரோட்டு வழியா ஜீப்புல வர்றான்."