பத்துப் புள்ளி முன்னால்

பிப்ரவரி மாதத்து மதியம் ஒன்றில், ஏரியின் நடுவே, இரண்டடிப் பனிக்கட்டியின் மேல் நின்ற எல்ராயின் மீன்பிடிக் குடிசைக்குள் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தபோது ரேடியோவில் அந்தச் செய்தி வந்தது. எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக்குகளுக்கு, அதாவது பந்தை எறிகிற பையன்களுக்கு, மாஸ்லின் புதிய பயிற்சியாளர். எல்ராய் ரேடியோவை அணைத்தான். கொஞ்சம் பொறுத்து, பெயரை மாற்றியிருப்பார்களோ என்று மறுபடி போட்டுப் பார்த்தான். மாற்றவில்லை.

இந்த ஏரியில் எனக்கு அறுபது வருஷப் பழக்கம். ஒருமுறை நான் பிடித்த மீனின் வயிற்றில் கைக்கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நாலு நிமிஷம் பின்தங்கியிருந்தது, அவ்வளவுதான். தண்ணீர் அப்படிக் குளிர். போன வருஷம் மூன்று நிமிஷம் என்றல்லவா சொன்னாய் என்று மார்லிஸ் கேட்பாள். அவள் எல்ராயின் அண்ணன் வெர்னனின் மனைவி, கணக்கில் கறார்.

குடிசைக்குள் இரண்டு எட்டு வைத்தால் சுவர். எல்ராய் அந்த இரண்டு எட்டையே நடந்தான், திரும்பினான், அடுப்பில் முட்டினான், திரும்பினான். ஒவ்வொரு திருப்பத்துக்கும் மாஸ்லினின் ஒரு குற்றம். ஆடிய காலத்தில் எதிராளிக்கு எறிந்த பந்துகள் இத்தனை. காலை ஊன்றாமல் எறிவான். எங்கள் புதுப் பையனுக்கு இருபத்திரண்டு வயதுதான், நல்ல கை, அதை இவனிடமா கொடுப்பது?

"ஏரிக்குள்ள வண்டிய விட்டவன்கிட்டயா வண்டி ஓட்டக் கத்துக்கச் சொல்றது?"

மார்லிஸ் பின்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு தடவ வண்டியோட உள்ள போன க்ளீட்டஸ்தானேய்யா இப்ப பனி மேல நமக்குப் பாதை போடுறான். கழிச்சுப் போட்ட கிறிஸ்துமஸ் மரத்த எல்லாம் அவன் நட்ட வரிசையிலதானே நீயும் வந்த. எங்க உடையும்னு அவனுக்குத்தானே தெரியும்."

"க்ளீட்டஸ் என் அண்ணனக் கொல்லல."

நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு குளிர்காலங்களுக்கு முன்பு, கடைசி நிமிஷத்தில் மாஸ்லின் பந்தை நேராக எதிராளியின் நெஞ்சில் எறிந்து, கையிலிருந்த ஆட்டத்தைத் தோற்றான். அந்த ஆட்டத்தில்தான், மைதானத்தில் எங்கள் இருக்கை வரிசையில், வெர்னன் இறந்தான். எனக்கு இடப்பக்கம் எல்ராய், வலப்பக்கம் வெர்னன். அந்த எறியைப் பார்த்து, "யாருக்குடா எறியுற?" என்று கேட்டுவிட்டு வெர்னன் உயிரை விட்டான் என்பது ஊர் முழுக்கத் தெரிந்த கதை. அந்தக் கதையைச் சொன்னவன் நான். சவ அடக்கத்தன்று எல்ராய் என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் கடைசியாக ஏதாவது சொன்னானா என்று கேட்டான். சொன்னேன். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்த பிறகு சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது? வருஷத்துக்கு ஒரு வரி கூடியது. போன வருஷக் கணக்கில் வெர்னன் எழுந்து நின்று தொப்பியையும் வீசியிருந்தான்.

எல்ராய் கோட்டின் உள்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தான். இருக்கைகளை அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்கிறாயா, விட்டுவிடுகிறாயா என்று அணி கேட்டிருந்த கடிதம். மூன்று இடமும் அவன் பெயரில், அவன் அப்பா வழி வந்தது. விட்டால், பிறந்த அன்றே பிள்ளையின் பெயரைப் பதிந்துவிட்டு முப்பது வருஷமாகக் காத்திருக்கும் யாருக்கோ போய்விடும். எங்கள் ஆயுளில் திரும்பி வராது. அவன் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி, 'விடுகிறேன்' என்ற கட்டத்தில் குறி போட்டு, உறைக்குள் தள்ளினான், ஒட்டவில்லை. கரைக்குப் போனதும் தபாலில் போடப்போகிறானாம். அந்த ஆள் கோட்டோரம் நின்று பையன்களுக்குப் புத்தி சொல்வதை அண்ணனின் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாதாம்.

வெர்னன் போனதிலிருந்து அந்த இடத்தில் உட்காருகிறவள் மார்லிஸ். அவள் ஊசிகள் நின்றன. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"எல்ராய், அவன் அந்த எறியப் பாக்கவே இல்ல," என்றேன்.

"யாரு?"

"வெர்னன். ஆட்டத்தோட மூணாவது கால்பகுதியிலயே போயிட்டான்."

சொல்லத் தொடங்கியபின் நிறுத்த வரவில்லை. அன்றைக்குப் பூஜ்யத்துக்குக் கீழே இருபது. அந்த அலுமினியப் பலகையில் ஆளுக்கு ஒன்றரை அடி. எல்லோரும் குளிர்கோட்டில் வந்திருக்கும்போது ஒருவன் எழுந்தால் அந்த இடம் மூடிவிடும், திரும்ப உட்கார முடியாது. செத்தவன்கூடச் சாய முடியாது. காலடியில் அட்டை, மடியில் போர்வை, யாரும் அசைய மாட்டோம். வெர்னன் பேசாமல் இருந்தான். அவன் எப்போதுமே பேசாதவன். கையில் பாதி சாசேஜ் இருந்தது. ஆறிப்போகிறதே என்று கேட்டேன். பதில் இல்லை. எடுத்துக்கொண்டேன்.

"நாப்பது வருஷத்துல ஒரு கடி குடுக்காதவன். பேசாம விட்டான். அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

ஆட்டம் முடிந்து கூட்டம் எழுந்து, கோட்டுகள் தளர்ந்தபோதுதான் அவன் என் தோளில் சரிந்தான். அந்தச் சாசேஜைத் தின்றேன் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் அந்தக் கடைசி வார்த்தை.

எல்ராய் என் பக்கம் திரும்பினான். "மீன் வயித்துல கடிகாரம். இப்ப சாசேஜ். இந்தச் சீட்டுக்காக என்ன வேணா சொல்லுவடா நீ."

என்னிடம் சாட்சி இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு வரிகூடச் சேர்க்காமல் ஒன்றைச் சொல்லியிருந்தேன். அது என் கதைகளிலேயே மோசமான கதையாக இருந்தது.

"அது நடந்தப்ப நாம எத்தன?" என்று மார்லிஸ் கேட்டாள். மிக மெதுவாக.

"பத்துப் புள்ளி முன்னால."

"பத்தா?"

"பத்து. மாஸ்லின் அப்பத்தான் ஒரு நல்ல பந்து எறிஞ்சிருந்தான். நீளமா."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணாடியைக் கழற்றி, பின்னிக்கொண்டிருந்த துணியாலேயே துடைத்தாள். "அப்ப அவரு தோத்தது தெரியாமதான் போயிருக்காரு," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

எல்ராய் வாயைத் திறந்தான். அதற்குள் வெளியே, பனியில் தோண்டிய தூரத்துத் துளையின் மேல் சின்ன ஆரஞ்சுக் கொடி எழுந்தது. மீன் கடித்தால் எழுகிற கொடி. அது எழுந்தால் எந்தச் சண்டையும் காத்திருக்கும். அவன் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினான். நானும் மார்லிஸும் வாசலில் நின்றோம். கனத்த மீன்தான் போலிருந்தது. இரண்டு கையும் வேண்டியிருந்ததால் அவன் கையிலிருந்த உறையைப் பல்லில் கடித்துக்கொண்டு, துளையின் ஓரம் மண்டியிட்டு, நூலைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தான். காற்று உறையைப் படபடக்க அடித்தது. அதன் நேர் கீழே கறுத்த தண்ணீர்.

இழுத்துக்கொண்டே அவன் எங்கள் பக்கம் திரும்பினான். ஏதோ சொல்ல வந்தான். சொல்ல வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும்.