பத்தாவது நொடியில் இரண்டு கோடுகள்

2011 மார்ச் 14, திங்கட்கிழமை. எண்ணெய் நிறுவனத்தின் மூன்றாம் மாடியில், நில அதிர்வுப் பதிவுகளை ஆராயும் அறையில், ஏழாம் தடத்தின் பதிவு ஆறு நொடிக்குப் பதில் பன்னிரண்டு நொடி நீளம் இருந்தது.

தரையை அதிரவைத்துவிட்டு, கீழிருந்து வரும் எதிரொலியை ஆறு நொடிதான் கேட்பார்கள். எண்ணெய்க்கு அது போதும். களக்குழு கருவியின் அமைப்பை மாற்ற மறந்திருந்தது. மிச்சத்தை வெட்டி எறியாமல் பார்த்தவர் ஒருவர்தான். அலுவலகத்தில் அவருக்குப் 'பாதாளம்' என்று பெயர்.

பத்தாவது நொடிக்கு அருகே, அதாவது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், இரண்டு தடித்த கோடுகள். மேல்கோடுதான் புவியோட்டின் அடி என்று வெளி ஆய்வாளர்கள் இதுவரை வரைந்திருந்தார்கள். கீழ்க்கோடுதான் அடி என்றார் பாதாளம். நடுவில் இருப்பது, ஓட்டுக்குக் கீழே உள்ள மேன்டில் அடுக்கிலிருந்து ஏறிவந்து ஓட்டின் அடியில் ஒட்டி உறைந்த பாறைக்குழம்பு.

"இருந்துட்டுப் போகட்டும் மாப்பிள," என்றார் துளையிடும் பிரிவின் தலைவர். பாதாளத்தின் மனைவிக்கு அண்ணன். அடுத்த வாரம் தொடங்கும் கிணற்றில் எண்ணெய் வந்தால்தான் அவர் பிரிவு பிழைக்கும். "நான் போறது மூணு கிலோமீட்டர். நீங்க முப்பதுல நின்னுக்கிட்டு என் வயித்துல அடிக்கிறீங்க."

"சூடு மேல வந்திருக்குமே மச்சான். எண்ணெய் ஊறுற களிப்பாறை கருகியிருக்கும்."

மேலாளர் கேட்டார்: "அந்தக் குழம்பு முதல்ல வந்து ஆறி, களிப்பாறை அப்புறம் படிஞ்சிருந்தா?"

"களிப்பாறைக்கு மேல இருக்க வேண்டிய ஒரு அடுக்கக் காணோம் சார். அமுங்கிக்கிட்டிருந்த படுகை திடீர்னு எழும்பித் தேஞ்சிருக்கு. அடியில குழம்பு வந்து முட்டுக்கொடுத்தது அப்பத்தான், களிப்பாறை படிஞ்சதுக்கு அப்புறம்."

"கடல் வத்தி அந்த அடுக்கு தேஞ்சிருக்கும்," என்றார் மச்சான். "எங்க வீட்டுப் பொண்ணக் கட்டிக்கிட்டு எனக்கே குழி பறிக்கிறாரு, பாருங்க சார்."

"அது உங்க தொழிலாச்சே மச்சான்."

மேலாளர் சிரித்தார். பிறகு, "துளை போடுற ரிக் வந்து நிக்குது. தோண்டிடுவோம்," என்றார்.

அதன்பின் மச்சான் தங்கை வீட்டுப் பக்கம் வரவில்லை.

மே மாதம் துளை களிப்பாறையைத் தொட்டது. சில்லுகள் கரியாக வந்தன. எண்ணெய் தரும் வெப்பத்தைத் தாண்டிப் பாறை வெந்துவிட்டதாக ஆய்வகம் சொன்னது. கிணற்றைச் சிமென்ட் ஊற்றி மூடினார்கள். ஆறு நொடிக்கு மேல் பதிவு செய்ய வேண்டாம் என்று களக்குழுக்களுக்கு மறுபடி நினைவூட்டப்பட்டது. துளையிடும் பிரிவு ஜூலையில் கலைக்கப்பட்டது. மச்சான் ஆகஸ்டில் தண்ணீர்க் கிணறு போடும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார்.