ஐந்தாவது சுவர்

“ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்களா என்ன?”

வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு ஊர்க்காரர் யெவ்சேய் கேட்டபோது தைஸியா ஏணியின் இரண்டாம் படியில் நின்றிருந்தாள். சணல் நாரைப் பல்லில் கவ்விக்கொண்டிருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. துப்பிவிட்டுத் திரும்பினாள்.

“எந்த ரெண்டு பேரு?”

“நீயும் ஒங்க அக்காவுந்தான். ஆத்தங்கரை வரைக்கும் கேக்குது, ரெண்டு கொட்டாப்புளி. நீ ஒண்ணு போட்டா அவ ஒண்ணு போடுறா. ஆஸ்பத்திரியில இருந்து ரயீசா எப்ப வந்தா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“அவ வரலண்ணே. எதிரொலியா இருக்கும்.”

“நீ நிறுத்துனப்புறமும் அடிக்குதே, அது என்ன எதிரொலி?” என்று சிரித்துவிட்டு யெவ்சேய் பெடலை மிதித்தார். கொஞ்சம் தள்ளிப்போய்த் திரும்பிப் பார்த்தார். “அப்புறம், வீடு ஒரு பக்கமா சாயுது, பாத்துக்க.”

இதுவரை அந்தச் சத்தம் தனக்கு மட்டும்தான் கேட்கிறது, வயசுக் கோளாறு என்று தைஸியா மனதைத் தேற்றி வைத்திருந்தாள். வயசுக் கோளாறாகவே இருந்திருக்கலாம். அடுத்தவர் காதிலும் விழுந்தபிறகு அதற்கு வேறு பெயர் தேட வேண்டியிருந்தது.

அப்பா கட்டிய ஐந்துசுவர் வீடு அது. சுற்றிலும் நான்கு, நடுவில் ஒன்று, எல்லாமே முழுப் பைன் மரத்தடிகள். அம்மா செத்தபிறகு நடுச்சுவர்தான் எல்லையானது. ஆற்றுப் பக்கம் ரயீசாவுக்கு, தெருப் பக்கம் தைஸியாவுக்கு. ஐந்து வருஷம் படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் ரயீசா. தைஸியா அப்போது நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. தந்தி கிடைத்து, பஸ் பிடித்து, படகு பிடித்து அவள் வந்து சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடியிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் முன்னால் ரயீசா சொன்னாள்: “வாடி. துக்க வீட்டு அப்பத்துக்குச் சரியா வந்துட்ட.” அதோடு சரி. மூன்று வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருந்தும் முகம் பார்க்கவில்லை. ஆகஸ்டில் உருளைக்கிழங்குப் பாத்தியில் ரயீசா விழுந்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு படகுக்குப் போனதைத் தைஸியா திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது என்று பிறகு யெவ்சேய்தான் சொன்னார். போய்ப் பார்க்க வேண்டும் என்று தினமும் நினைத்தாள், தினமும் ஏதோ ஒரு வேலை வந்தது.

இப்போது செப்டம்பர் முடியப்போகிறது. மரத்தடிகளுக்கு நடுவே இடுக்குகளில் அடைத்திருந்த பழைய பாசி உதிர்ந்து, படுக்கையில் கிடந்தபடியே வெளிச்சத்தைப் பார்க்க முடிந்தது. சதுப்பிலிருந்து புதுப்பாசி வாரி வந்து, சணல் நாரில் சுருட்டி, கட்டை உளியால் இடுக்கில் திணித்து, கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் அடிக்க ஆரம்பித்தாள். இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. அடி இடுக்கில் தொடங்கி வீட்டை முழுச் சுற்றுச் சுற்றி வரவேண்டும், உள்ளேயும் வெளியேயும். அதன்பிறகுதான் அடுத்த இடுக்கு. திணிக்கத் திணிக்க வீடு எழும்பும், நாலு விரல்கூட எழும்பும். ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் அந்தப் பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு, மறுபக்கத்தை நெரிக்கும். சின்ன வயதிலிருந்து அக்கா உள்ளே, தங்கை வெளியே என்று நின்று செய்த வேலை, தைஸியாவுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் தன் பாதியை மட்டும் அடைத்தாள். அக்கா பாதி அக்கா பாடு.

முதல் நாளே நடுச்சுவரில் பதில் வந்தது. டக்டக், கொஞ்சம் நிறுத்தி, டக். இடதுகைக்காரியான ரயீசா உளியை மாற்றிப் பிடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அது. தைஸியா சுற்றிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். அக்கா கதவில் பூட்டு பூட்டியபடி இருந்தது, அதன் மேல் சிலந்தி வலைகூடக் கலையவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் இருட்டில் அடுப்பின் வெள்ளை மட்டும் தெரிந்தது. திரும்பி வந்து அடித்தாள். பதில் வந்தது. அவள் ஓர் இடுக்கு மேலே ஏறினால் அதுவும் ஏறியது. கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது உண்மைதான். ஆனால் இரண்டாம் நாள் சாயங்காலம், அடுத்த அடிக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறோம் என்பதும் அவளுக்குப் புரிந்தது. மூன்று வருஷத்தில் அக்கா அவளுக்குப் பதில் சொன்னது அந்த நாட்களில்தான்.

யெவ்சேய் வந்துபோன மறுநாள் மத்தியானம் சத்தம் நின்றது. தைஸியா அடித்துப் பார்த்தாள், காத்திருந்தாள், பலமாக அடித்தாள். ஒன்றுமில்லை. அந்த அமைதியை அவளால் தாங்க முடியவில்லை. ஜன்னல் ஓரத்தில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று, யெவ்சேய் எழுதிக்கொடுத்த ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினாள்.

“யாரும்மா பேசறது?” என்றாள் நர்ஸ்.

“ரயீசாவோட தங்கச்சி. அவ எப்படி இருக்கா?”

“தங்கச்சியா? ஒரு மாசமா யாருமே இல்லைன்னு நெனச்சோம். பேச்சு இல்லம்மா. கண்ணும் தெறக்கல. ஆனா அந்த இடது கை இருக்கே, நாலு நாளா கட்டில் கம்பியப் போட்டுத் தட்டிக்கிட்டே இருந்தாங்க. வார்டுல ஒருத்தரும் கண்ண மூட முடியல. இன்னைக்கு மத்தியானந்தான் துணியால கட்டி வச்சோம்.”

தைஸியா ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“அவுத்து விடுங்க.”

“மத்தவங்களும் தூங்கணுமில்லம்மா?”

“அவ சும்மா தட்டல. வேலை பாக்குறா. தாயே, கைய அவுத்து விடுங்க, நான் ஒங்க கால்ல விழறேன்.”

“டாக்டர்கிட்ட கேக்கறேன்” என்றாள் நர்ஸ். “மூச்சு சரியில்ல. நீங்க வர்றதுன்னா சீக்கிரம் வாங்க.”

படகு வெள்ளிக்கிழமைதான். இன்றைக்குப் புதன். இரண்டு நாள் அக்காவின் மூச்சு தாங்க வேண்டும். தைஸியா கூரை இறவாரத்துச் சந்திலிருந்து அக்காவின் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். கதவு அசையவில்லை. தோளால் முட்டினாள். மேல்கட்டை கீழே இறங்கி, கதவைக் கடித்துப் பிடித்திருந்தது. தெருப்பாதியைத் தூக்கித் தூக்கி, அக்காவின் வாசலைத் தானே நெரித்து வைத்திருந்தாள். அவள் திரும்பி வந்தாலும் நுழைய முடியாது. அந்த நினைப்பில் தைஸியா படிக்கட்டில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பாசி மூட்டையை ஆற்றுப் பக்கம் இழுத்து வந்தாள். அடி இடுக்கில் ஆரம்பித்தாள். இருட்டும்வரை அடித்தாள், விடிந்ததும் எழுந்து அடித்தாள். வியாழன் மத்தியானம் உள்ளேயிருந்து ஒரு டக் வந்தது. கதவை ஒரு விரலால் தட்டியது போல அவ்வளவு மெல்லிசாக. தைஸியா மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்ப அடித்தாள். டக்டக். டக்.

“அவுத்துட்டாங்களாக்கா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். கேட்டபிறகு நிறுத்த முடியவில்லை. “அந்த அப்பத்த நான் தொடவே இல்லக்கா. நீ பாக்கல. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீ மட்டும் அஞ்சு வருஷம் தனியா கெடந்து பட்ட, ஒரு தடவ வான்னு எழுதியிருந்தா வந்திருக்க மாட்டேனா? நானாத்தான் வந்திருக்கணும். தெரியுது. இப்பத் தெரியுது.” பேச்சுக்கு நடுவே அடித்துக்கொண்டே போனாள். உள்ளேயிருந்தும் விடாமல் வந்தது. இருட்டும்போது வாசலுக்கு மேலே இரண்டு இடுக்குதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை காலை, படகுக்குப் போகும் பையைப் படிக்கட்டில் வைத்துவிட்டு ஏணியில் ஏறினாள். கடைசி இடுக்கின் கடைசி முழத்தை அடித்தபோது சுவர்கள் எங்கோ ஆழத்தில் முனகின. கீழே கதவு விடுபட்டு, யாரும் தொடாமல், உள்பக்கமாகத் திறந்துகொண்டது.

தைஸியா இறங்கி உள்ளே போனாள். ஒரு மாதமாகத் தீ மூட்டாத அடுப்பு. மேசையில் அதே விரிப்பு, தூசி. நடுச்சுவரைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. தரையிலிருந்து இடுக்கு இடுக்காகப் புதுப்பாசி திணித்திருந்தது, ஈரம் காயாமல், பச்சையாக. திணித்த ஓரங்கள் எல்லாம் இடதுகைச் சாய்வில் மடங்கியிருந்தன. கூரையை ஒட்டிய ஒரே ஓர் இடுக்கு மட்டும் திறந்து கிடந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், அவள் வீட்டு ஜன்னல் ஓரத்தில், போன் அடிக்க ஆரம்பித்தது. அந்த ஓர் இடுக்கு வழியாக மட்டும்தான் அதன் சத்தம் இங்கே வந்தது. தைஸியா ஒரு கையில் கொட்டாப்புளியும் மறுகையில் பாசியுமாக அண்ணாந்து நின்றாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.